உடற்பயிற்சி பிளான் போடும் வெப் ஆப்: எங்கே உதைக்கிறது, எப்படிச் சரிசெய்வது

வயது, எடை, உயரம், இலக்கு, கையிலுள்ள உபகரணம், வாரத்தில் எத்தனை நாள் என்று கேட்டு, ஆளுக்குத் தகுந்த ஒர்க்அவுட் பிளான் போட்டுத் தரும் ஆப்பை வைத்து இதை எழுதியிருக்கிறோம். முன்பக்கம் ரியாக்ட், சர்வரில் நோட், டேட்டாபேஸ் போஸ்ட்கிரெஸ். வேறு மொழியில் எழுதியிருந்தாலும் பெரும்பாலான கோளாறுகள் இதே இடங்களில்தான் வரும்.

எந்த அறிகுறியைத் தேடி வந்திருந்தாலும் முதலில் ஒரு வேலையை முடித்துவிடுங்கள். பிளான் உருவாகும்போதே அதன் கூடவே நான்கு விவரங்களைச் சேமியுங்கள்: யூசர் அந்த நேரத்தில் கொடுத்திருந்த விவரங்களின் நகல், விதிகளின் வெர்ஷன் எண், ரேண்டம் தேர்வுக்கான விதை எண் (அதே எண்ணைக் கொடுத்தால் அதே தேர்வு திரும்ப வரும்), ஒவ்வொரு பயிற்சியும் எந்த விதியால் உள்ளே வந்தது என்ற குறிப்பு. இதற்கு டேட்டாபேஸில் ஜேசன் வகை நெடுவரிசை ஒன்றே ஒன்று போதும். "முழங்கால் வலி என்று சொல்லியும் ஏன் ஸ்குவாட் வந்தது?" என்று ஒருவர் கேட்டால், இந்தப் பதிவு இல்லாமல் உங்களால் ஊகிக்கத்தான் முடியும். பதிவு இருந்தால் ஐந்து நிமிடத்தில் விடை கிடைத்துவிடும்.

சோதனைக்கு இரண்டு யூசர்களை நிரந்தரமாக வைத்துக்கொள்ளுங்கள். ஒருவருக்கு வயது 22, ஜிம்முக்குப் போகிறவர், வாரம் 5 நாள், காயம் எதுவும் இல்லை. இன்னொருவருக்கு வயது 58, வீட்டில் ஒரு ரெசிஸ்டன்ஸ் பேண்ட் மட்டும், வாரம் 2 நாள், முழங்கால் வலி. கோடில் (நிரலில்) எதை மாற்றினாலும் இந்த இருவருக்கும் பிளான் போட்டுப் பாருங்கள்.

எல்லாருக்கும் ஒரே பிளான் வருகிறது

பிளானுக்கு மேலே யார் பெயர் இருக்கிறது என்று முதலில் பாருங்கள். அவரவர் பெயர் சரியாக இருந்து பிளான் மட்டும் ஒன்றாக இருந்தால் கோளாறு இன்புட்டில். ஃபார்மில் நிரப்பியது சர்வருக்குப் போய்ச் சேரவில்லை, காலியான இடங்களில் டீஃபால்ட் மதிப்புகள் உட்கார்ந்துகொள்கின்றன. சர்வரில் வந்து விழும் ஜேசனை அப்படியே லாக் செய்து பாருங்கள். முன்பக்கம் ஒரு பெயரிலும் சர்வர் இன்னொரு பெயரிலும் ஃபீல்டைத் தேடுவதே வழக்கமான காரணம். டீஃபால்ட் வைப்பதை நிறுத்திவிட்டு, மதிப்பு வரவில்லையென்றால் 400 பிழை திருப்பி அனுப்புங்கள். தவறான பிளானைவிட "உயரத்தை நிரப்பவும்" என்ற செய்தி எவ்வளவோ மேல்.

பெயரே இன்னொருவருடையதாக வந்தால் கோளாறு கேஷில், அதாவது பதில்களின் நகலை வைத்திருக்கும் தற்காலிகச் சேமிப்பில். அப்போது மற்ற வேலைகளை நிறுத்திவிட்டு இதைப் பாருங்கள், ஏனென்றால் ஒருவருடைய உடல்நல விவரம் மற்றவருக்குப் போய்க்கொண்டிருக்கிறது. கேஷ் சாவியில் யூசர் ஐடி விடுபட்டிருக்கும், அல்லது தனிப்பட்ட பதிலுக்கு சிடிஎன் (யூசருக்கு அருகிலிருந்து நகலைத் தரும் இடைச் சர்வர்) பொதுவான கேஷ் வைத்திருக்கும். பிளான் தரும் எல்லா வழிகளிலும் கேஷ்-கன்ட்ரோல் ஹெடரை "பிரைவேட், நோ-ஸ்டோர்" என்று வையுங்கள். பிறகு சிடிஎன் கேஷை முழுவதும் அழியுங்கள். ஹெடரை மாற்றினால் மட்டும் ஏற்கெனவே தேங்கியிருப்பது போகாது.

ரீஃப்ரெஷ் செய்தால் பிளான் மாறுகிறது, அல்லது ஒரே வாரத்துக்கு இரண்டு பிளான்

பேஜ் திறக்கும்போதெல்லாம் பிளானைப் புதிதாக உருவாக்குகிறீர்கள் என்று அர்த்தம். உருவாக்குவது ஒரு போஸ்ட் ரிக்வெஸ்ட், காட்டுவது ஒரு கெட் ரிக்வெஸ்ட். இரண்டையும் கலக்கக் கூடாது. ரியாக்ட் 18 முதல் டெவலப்மெண்டில் ஸ்ட்ரிக்ட் மோட் இருந்தால் எஃபெக்ட் (பேஜ் திரைக்கு வந்ததும் தானாக ஓடும் கோடு) இரண்டு முறை ஓடும். அதற்குள் பிளான் உருவாக்கும் அழைப்பை வைத்திருந்தால் இரண்டு பிளான் வரத்தான் செய்யும். ஸ்ட்ரிக்ட் மோடை அணைத்துவிட்டால் அறிகுறி மறையும், நோய் அப்படியே இருக்கும். அழைப்பை பட்டன் அழுத்தும் இடத்துக்கு நகர்த்துங்கள்.

நெட் மெதுவாக இருந்தால் யூசர் பட்டனை நான்கு தடவை அழுத்துவார். பட்டனை முடக்குவது பாதி மருந்துதான். டேட்டாபேஸில் யூசர் ஐடி, வாரத் தொடக்க நாள் இரண்டையும் சேர்த்து யூனிக் கட்டுப்பாடு (அதே ஜோடி இரண்டாம் முறை சேராதபடி தடுப்பது) போடுங்கள். இரண்டாவது ரிக்வெஸ்ட் வந்தால் பழைய பிளானையே திருப்பித் தாருங்கள்.

ஜாவாஸ்கிரிப்டில் உள்ளேயே வரும் ரேண்டம் ஃபங்ஷனுக்கு விதை எண் கொடுக்க வழியில்லை. அதனால் ஒரு பிளான் ஏன் அப்படி வந்தது என்று மறுபடி ஓட்டிப் பார்க்க முடியாது. மல்பெரி32 போன்ற சின்ன ஜெனரேட்டர் ஒன்றை எடுத்து, யூசர் ஐடியையும் வார எண்ணையும் சேர்த்து விதையாகக் கொடுங்கள்.

602.5 கிலோ, மைனஸ் 720 கிலோ, 56.37 கிலோ

மூன்றும் மூன்று வேறு கோளாறுகள்.

602.5 என்று வந்தால், ஃபார்மிலிருந்து வந்த 60 எண்ணாக இல்லாமல் எழுத்தாக இருக்கிறது. அடுத்த வாரத்துக்கு 2.5 கூட்டச் சொன்னபோது ஜாவாஸ்கிரிப்ட் இரண்டையும் ஒட்டிவிட்டது. இதையே கழித்தாலோ பெருக்கினாலோ விடை சரியாக வந்துவிடும். கூட்டும்போது மட்டும் வெடிக்கும். அதனால்தான் இது முதல் வாரத்தில் கண்ணில் படாது. சர்வரின் வாசலிலேயே எண்ணாக மாற்றிச் சரிபாருங்கள், கணக்குப் போடும் இடத்தில் அல்ல.

மைனஸ் 720 என்பது ஃபார்முலாவின் எல்லை. ஒரு ரெப்பில், அதாவது ஒரே ஒரு தடவையில், அதிகபட்சம் எவ்வளவு தூக்க முடியும் என்று மதிப்பிட பிரிஸிக்கி ஃபார்முலா எடையை 36 ஆல் பெருக்கி, 37 லிருந்து ரெப்பைக் கழித்து வருவதால் வகுக்கிறது. 60 கிலோ 10 ரெப் என்றால் 80 கிலோ. யாராவது 40 ரெப் என்று போட்டால் வகுக்கும் எண் மைனஸ் 3. விடை மைனஸ் 720. சரியாக 37 போட்டால் பூஜ்யத்தால் வகுத்து இன்ஃபினிட்டி. எப்லி ஃபார்முலா, அதாவது எடை × (1 + ரெப் ÷ 30), 10 ரெப்புக்கு அதே 80 கிலோவைத் தரும், மைனஸுக்கும் போகாது. ஆனாலும் ரெப் கூடக் கூட இரண்டுமே நம்பத் தகுந்தவை அல்ல. எங்கள் பரிந்துரை: 1 முதல் 10 ரெப் வரை மட்டும் கணக்கில் எடுங்கள். அதற்கு மேல் போட்டால், கொஞ்சம் கனமான எடையில் ஒரு செட் (நிறுத்தாமல் செய்யும் ரெப்களின் தொகுப்பு) செய்துவிட்டு எழுதச் சொல்லுங்கள்.

56.37 கிலோ கணக்குப்படி சரி, ஜிம்மில் பயன்படாது. பார்பெல்லுக்கு 2.5 கிலோ படிகளில் முழுமையாக்குங்கள்: 2.5 ஆல் வகுத்து, அருகிலுள்ள முழு எண்ணாக்கி, மறுபடி 2.5 ஆல் பெருக்குங்கள். 80 கிலோவில் 70 சதவீதம் 56, முழுமையாக்கினால் 55. காலி பார் 20 கிலோ, ஒரு பக்கத்துக்கு 15 பிளேட்டும் 2.5 பிளேட்டும். இந்த பிளேட் கணக்கையும் திரையில் காட்டிவிடுங்கள், மூச்சு வாங்க நிற்பவரைக் கணக்குப் போட வைக்க வேண்டாம். பாரின் எடைக்குக் கீழே எந்த எண்ணும் வரக் கூடாது. 12 கிலோ என்று வந்தால் அந்தப் பயிற்சியை டம்பெல்லுக்கு மாற்றுங்கள்.

பவுண்டும் கிலோவும் கலப்பது நான்காவது வகை. டேட்டாபேஸில் கிலோ மட்டும்தான் இருக்க வேண்டும். 1 பவுண்டு 0.45359237 கிலோ. திரையில் காட்டும்போது மட்டும் மாற்றுங்கள். மாற்றியதை முழுமையாக்கித் திரும்பச் சேமித்தால், யூனிட்டை மாற்றி மாற்றிப் பார்ப்பவருடைய எடை ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் நகர்ந்துகொண்டே போகும்.

உயரம் தப்பாக வருகிறது, கலோரி கணக்கும் தப்புகிறது

இது நம் ஊர் ஆட்கள் பயன்படுத்தும் ஆப்பில் கட்டாயம் வரும். செ.மீ. கேட்டாலும் அடி-அங்குலத்தில் யோசிப்பவர்கள் நாம். "5.11" என்று எழுதுபவர் சொல்வது ஐந்தடி பதினோரு அங்குலம், 180.3 செ.மீ. கோடு அதை 5.11 அடி என்று எடுத்து 30.48 ஆல் பெருக்கினால் 155.8 செ.மீ. ஆகிவிடும். ஒரே ஆளுக்கு 24 செ.மீ.க்கு மேல் வித்தியாசம். மிஃப்லின்-செயின்ட் ஜியோர் ஃபார்முலாவில் ஒரு செ.மீ.க்கு 6.25 கலோரி வருவதால், ஓய்வு நிலைக் கணக்கிலேயே ஒரு நாளைக்கு 150 கலோரிக்கு மேல் குறைந்து போகும்.

இதைவிட மோசம் "5.10". எண்ணாக மாறியதும் கடைசிப் பூஜ்யம் உதிர்ந்து 5.1 ஆகிவிடும். புள்ளிக்குப் பின்னால் இருப்பது அங்குலம் என்று புரிந்துகொண்டு கோடு எழுதியிருந்தாலும் ஐந்தடி பத்து அங்குலக்காரர் ஐந்தடி ஒரு அங்குலம் ஆகிவிடுவார். எண்ணாக மாறிய பிறகு இதை மீட்க முடியாது.

தீர்வு எளிது. அடிக்கு ஒரு பெட்டி, அங்குலத்துக்கு ஒரு பெட்டி. அங்குலப் பெட்டியில் 0 முதல் 11 வரை மட்டும். செ.மீ.யில் சொல்பவர்களுக்குத் தனி டேப். ஏற்கெனவே சேர்ந்துவிட்ட பழைய தரவை நீங்களாகத் திருத்தாதீர்கள். ஒற்றைப் பெட்டியில் அடிக்கணக்கில் வந்த எல்லாரிடமும் அடுத்த லாகினில் உயரத்தை ஒருமுறை மறுபடி கேளுங்கள்.

இல்லாத உபகரணத்துக்குப் பயிற்சி வருகிறது

பெஞ்ச் பிரஸுக்கு பார்பெல்லும் வேண்டும், பெஞ்சும் வேண்டும். யூசரிடம் பெஞ்ச் மட்டும் இருக்கிறது. ஆனாலும் பெஞ்ச் பிரஸ் வருகிறது. தேவையானவற்றில் ஏதாவது ஒன்று இருந்தால் போதும் என்று கோடு பார்க்கிறது. எல்லாமே இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். ஜாவாஸ்கிரிப்டில் "சம்" (some, ஏதாவது ஒன்று) இருக்கும் இடத்தில் "எவ்ரி" (every, எல்லாமே) வர வேண்டும். எஸ்க்யூஎல்லில் வெறும் ஜாயின் போட்டாலும் இதே தவறு நடக்கும். "யூசரிடம் இல்லாத தேவை ஒன்றுகூட இல்லை" என்று நாட் எக்ஸிஸ்ட்ஸ் வைத்து எழுதுங்கள்.

திருத்திய பிறகு இன்னொன்று முளைக்கும்: வீட்டில் எதுவுமே இல்லாதவருக்கு புல்-அப் வரும். காலிப் பட்டியலுக்கு "எவ்ரி" எப்போதும் உண்மை என்றே சொல்லும். புல்-அப்பை உடல் எடைப் பயிற்சி என்று நினைத்து உபகரணத்தை நிரப்பாமல் விட்டிருப்பீர்கள், ஆனால் தொங்குவதற்கு ஒரு பார் வேண்டுமே. டிப்ஸும் அப்படித்தான். "எதுவும் தேவையில்லை" என்பதையே ஒரு மதிப்பாக எழுதி வையுங்கள். காலியாக உள்ள பயிற்சி எதையும் பிளானில் சேர்க்காதீர்கள்.

ஒரு யூசர் பிளான் கேட்டதும் சர்வரே நின்றுவிடுகிறது

6 பயிற்சி சேரும் வரை ரேண்டமாக எடு, ஏற்கெனவே எடுத்ததென்றால் விட்டுவிட்டு மறுபடி எடு என்று ஒரு லூப் இருக்கும். ரெசிஸ்டன்ஸ் பேண்ட் மட்டும் வைத்திருக்கும் முழங்கால் வலிக்காரருக்குத் தகுந்த பயிற்சி 4 தான் இருந்தால் அந்த லூப் முடியவே முடியாது. நோட் ஒரே த்ரெட்டில் ஓடுவதால் மற்ற எல்லாருக்கும் ஆப் தொங்கிப்போகும். தகுதியானவற்றை ஃபிஷர்-யேட்ஸ் முறையில் குலுக்கி முதல் 6 ஐ எடுங்கள். 4 தான் இருந்தால் 4 வரும், அவ்வளவுதான்.

குறைவாக வரும்போது எந்த விதியைத் தளர்த்துவது என்பதை முன்கூட்டியே எழுதி வையுங்கள். முதலில் அதே வாரத்தில் ஒரு பயிற்சி திரும்ப வர விடலாம். அடுத்து, அதே தசைக்குப் பதில் பக்கத்துத் தசை. அதற்கும் பிறகு பயிற்சி எண்ணிக்கையைக் குறைத்து செட்டைக் கூட்டலாம். உபகரண விதியும் காயம் தொடர்பான விதியும் இந்த வரிசையில் வரவே கூடாது.

காயம் சொல்லியும் அதே இடத்துக்குப் பயிற்சி வருகிறது

இந்த ஆப்பில் ஒருவருக்கு உண்மையிலேயே கெடுதல் செய்யக்கூடிய பக் இதுதான். மற்றவை நாளை வரை காத்திருக்கலாம், இது காத்திருக்கக் கூடாது. வழக்கமாக மூன்று ஓட்டைகள்.

முதல் ஓட்டை எழுத்துத் தேடல். காயத்தைச் சொந்த வார்த்தையில் எழுதச் சொல்லிவிட்டு அதில் "தோள்" இருக்கிறதா என்று தேடுவது. ஆட்கள் "ஷோல்டர் பெயின்" என்பார்கள், "தோல் வலி" என்று ள-வுக்கு ல போடுவார்கள், "புஜம் பிடிச்சிருக்கு" என்பார்கள். சரியாகவே எழுதினாலும் யூனிகோடில் "தோ" இரண்டு விதமாகச் சேமிக்கப்படலாம்: ஓகாரக் குறி ஒரே எழுத்தாகவோ, ஏகாரக் குறியும் காலும் தனித்தனியாகவோ. கண்ணுக்கு ஒன்றாகத் தெரிவது கோடுக்கு வேறு வேறு. தமிழ்த் தேடல் எங்கிருந்தாலும் இரண்டு பக்கத்தையும் என்எஃப்சி என்ற ஒரே சீரான யூனிகோட் வடிவுக்கு மாற்றிவிட்டு ஒப்பிடுங்கள். ஆனால் காயத்துக்குத் தேடலையே நம்ப வேண்டாம். உடல் படத்தைக் காட்டித் தொடச் சொல்லுங்கள், அல்லது டிக் பெட்டிகள் வையுங்கள்.

இரண்டாவது ஓட்டை, பயிற்சிகளைத் தசையை வைத்து மட்டும் வகைப்படுத்துவது. தோள் தசைப் பயிற்சிகளை மட்டும் நீக்கினால் முதுகுக்கான புல்-அப்பும் நெஞ்சுக்கான டிப்ஸும் தோளைப் பதம் பார்க்கும். அசைவை வைத்துக் குறி போடுங்கள்: தலைக்கு மேல் தூக்குவது, முழங்கால் ஆழமாக மடங்குவது, முதுகெலும்பில் நேராகச் சுமை ஏறுவது, மணிக்கட்டில் எடை தாங்குவது, குதிப்பது. காயம் எந்த அசைவைத் தடுக்கும் என்ற அட்டவணையைத் தகுதியுள்ள ஒரு பிசியோதெரபிஸ்டிடம் கொடுத்துச் சரிபார்த்து வாங்குங்கள். அதை டெவலப்பர் நிரப்பக் கூடாது.

மூன்றாவதுதான் பெரும்பாலும் கண்ணுக்குத் தப்பும். பிளான் உருவாகும்போது வடிகட்டல் சரியாக நடக்கும். "இந்தப் பயிற்சி வேண்டாம், மாற்று" என்ற பட்டனுக்குப் பின்னால் வேறொரு எஸ்க்யூஎல் இருக்கும், அதில் காய விதி இருக்காது. அதேபோல் புதன்கிழமை ஒருவர் புதிதாகக் காயத்தைச் சேர்த்தால், ஏற்கெனவே சேமித்திருந்த வியாழன், வெள்ளி பிளான் பழையபடியே நிற்கும். வடிகட்டலை ஒரே ஃபங்ஷனாக்கி, உருவாக்குவது, மாற்றுவது, திரையில் காட்டுவது ஆகிய மூன்றும் அதன் வழியாகவே போகும்படி செய்யுங்கள்.

பதிவு செய்யும்போதே, உடற்பயிற்சி தொடங்கும் முன் நிரப்பும் பிஏஆர்-க்யூ பிளஸ் படிவத்தின் முதல் 7 கேள்விகள் போன்ற உடல்நலக் கேள்விகளைக் கேளுங்கள். நெஞ்சு வலி, மயக்கம், இதய நோய் என்று ஒன்றுக்கு ஆம் என்றாலும் பிளானை நிறுத்திவிட்டு மருத்துவரைப் பார்க்கச் சொல்லுங்கள். "சும்மா லேசான பிளான்" என்று ஒன்றைப் போட்டுக் கொடுக்க ஆப்புக்குத் தகுதியில்லை.

ஏஐ மாடல் தரும் ஜேசன் உடைகிறது, இல்லாத பயிற்சி வருகிறது

பயிற்சிகளைத் தேர்வு செய்ய ஏஐ மாடலைப் பயன்படுத்தினால் இது உங்களுக்கு. ஜேசன் பாதியில் அறுந்தால், டோக்கன் வரம்பு (பதிலின் நீள வரம்பு) தீர்ந்து மாடல் நின்றிருக்கும். பதிலோடு வரும் நிறுத்தக் காரணத்தைப் பாருங்கள். 4 வாரம், வாரம் 4 நாள், நாளுக்கு 6 பயிற்சி என்றால் 96 வரிசை. இவ்வளவையும் கேட்கத் தேவையில்லை. ஒரு வாரத்துக்கான 24 ஐ மட்டும் கேளுங்கள், மீதி வாரங்களைக் கோடு நிரப்பட்டும்.

பயிற்சிப் பெயரை எழுத விடாதீர்கள். காயமும் உபகரணமும் வடிகட்டிய பிறகு மிஞ்சிய பயிற்சிகளின் ஐடிகளை அனுப்பி, அதிலிருந்து மட்டும் தேர்வு செய்யச் சொல்லுங்கள். வந்ததை ஸாட் போன்ற ஸ்கீமாவில் சரிபாருங்கள். பட்டியலில் இல்லாத ஐடி வந்தால் ஒருமுறை மறுபடி கேளுங்கள். அப்போதும் தப்பினால் விதிகளால் ஆன சாதாரண பிளானைக் கொடுங்கள். கிலோ கணக்கை மாடலிடம் விடவே வேண்டாம். பெயர், போன் எண், இமெயில் எதுவும் பிராம்ப்டுக்குள் போக வேண்டியதில்லை.

504 பிழை (பதில் வர நேரமாகிவிட்டது) வந்தால், சர்வருக்கு முன்னால் நிற்கும் என்ஜின்எக்ஸ் டீஃபால்டாக 60 வினாடிதான் காத்திருக்கும். நேரத்தைக் கூட்டுவதைவிட, வேலையை க்யூவில் போட்டு உடனே 202 (ஏற்றுக்கொண்டோம், வேலை இன்னும் முடியவில்லை) திருப்பிவிட்டு, முன்பக்கம் 2 வினாடிக்கு ஒருமுறை கேட்கட்டும்.

திங்கட்கிழமை பிளான் ஞாயிறில் விழுகிறது

2025-01-06 திங்கட்கிழமை. சென்னையிலோ யாழ்ப்பாணத்திலோ உள்ளூர் நள்ளிரவை வைத்து ஒரு டேட் உருவாக்கி அதை ஐஎஸ்ஓ எழுத்தாக மாற்றினால் 2025-01-05, 18:30 என்று வரும், ஏனென்றால் அந்த எழுத்து யூடிசியில் (உலகப் பொது நேரத்தில்) இருக்கும், நாம் அதற்கு ஐந்தரை மணி நேரம் முன்னால் இருக்கிறோம். முதல் 10 எழுத்தை வெட்டி எடுத்தால் ஞாயிறு கிடைக்கும். நியூயார்க்கில் இருப்பவருக்குக் கோளாறு எதிர்ப்பக்கம்: "2025-01-06" என்ற எழுத்தை டேட்டாக மாற்றும்போது அது யூடிசி நள்ளிரவாகி, அவர் ஊரில் ஞாயிறு மாலையாகத் தெரியும். பயிற்சி நாள் என்பது ஒரு தேதி, ஒரு நொடி அல்ல. போஸ்ட்கிரெஸில் டேட் வகையில் சேமித்து, கடைசி வரை எழுத்தாகவே கொண்டுபோங்கள்.

எடை ஏறவே மாட்டேன் என்கிறது, அல்லது தேவையில்லாமல் ஏறுகிறது

3 செட், 8 முதல் 12 ரெப். மூன்றிலும் 12 தொட்டால் 2.5 கிலோ கூட்டி மறுபடி 8 லிருந்து தொடங்கு என்பது நல்ல விதி. கோடில் சராசரி பார்த்திருந்தால் கெடும்: 14, 12, 10 என்பதன் சராசரி 12, ஆனால் மூன்றாவது செட் தொடவில்லை. குறைந்தபட்சத்தைப் பாருங்கள்.

எழுதாமல் விட்ட செட்டை 0 என்று எடுத்தால் ஆப் அவரைத் தோற்றவராகக் கருதி எடையைக் குறைக்கும். நல் (null, மதிப்பே இல்லாதது) வேறு, 0 வேறு. வார எண்ணை வைத்து ஏற்றினால் காய்ச்சலில் படுத்திருந்தவருக்கும் எடை ஏறியிருக்கும். கடைசியாக முடித்த பயிற்சியை வைத்து மட்டும் ஏற்றுங்கள். இரண்டு வாரத்துக்கு மேல் இடைவெளி என்றால் 10 சதவீதம் குறைத்துத் தொடங்க வைப்பது நல்லது.

டம்பெல்லுக்குத் தனி விதி வேண்டும். 2.5, 5, 7.5 என்று அடுக்கியிருக்கும் ஜிம்மில் லேட்டரல் ரெய்ஸுக்கு 5 லிருந்து 7.5 போவது 50 சதவீத உயர்வு. அங்கே ரெப் எல்லையை 15 அல்லது 20 வரை நீட்டிவிட்டு அப்புறம் எடையைக் கூட்டுங்கள்.

ஜிம்மில் எழுதியது காணாமல் போகிறது, ரெஸ்ட் டைமர் தவறுகிறது

பேஸ்மெண்ட் ஜிம்மில் சிக்னல் இருக்காது. ஒவ்வொரு செட்டையும் முதலில் பிரவுசருக்குள்ளேயே இருக்கும் இண்டெக்ஸ்ட்-டிபியில் எழுதி, ஒரு யூயூஐடி (வேறெதற்கும் வராத ஐடி) கொடுத்து, நெட் வந்ததும் அனுப்புங்கள். அந்த ஐடி இருப்பதால் இரண்டு முறை போனாலும் சர்வரில் ஒன்றுதான் நிற்கும். ஐபோன் சஃபாரியில் 7 நாள் அந்தத் தளத்தைத் தொடாமல் இருந்தால் இப்படிச் சேமித்தது அழிக்கப்படலாம். ஹோம் ஸ்கிரீனில் சேர்க்கச் சொல்லுங்கள்; அனுப்பாத செட் இருந்தால் எத்தனை என்று மேலேயே காட்டுங்கள்.

டைமரை நொடிக்கு ஒன்று கழித்து ஓட்டியிருந்தால் டேப் பின்னால் போனதும் அது மெதுவாகும். மறைந்து 5 நிமிடம் தாண்டிய டேபில் குரோம் டைமரை நிமிடத்துக்கு ஒருமுறைதான் எழுப்பும். 90 வினாடி ஓய்வு எப்போது முடியும் என்ற நேரத்தைக் குறித்து வைத்து, ஒவ்வொரு முறையும் இப்போதைய நேரத்தை அதிலிருந்து கழித்துக் காட்டுங்கள். திரை அணையாமல் இருக்க வேக் லாக் வாங்குங்கள். டேப் மறைந்தால் அது தானாக விடுபட்டுவிடும், திரும்பி வந்ததும் மறுபடி வாங்க வேண்டும்.